நின்று செல்லும் யாத்திரை: பழநி முதல் பூம்பாறை வரை

பழநிக்கு வரும் குடும்பங்களில் பெரும்பாலானவை அடிவாரத்தில் திருஆவினன்குடியை வணங்கி, மலையேறித் தண்டாயுதபாணியைத் தரிசித்து, பஞ்சாமிர்த டப்பாக்களைப் பையில் அடுக்கிக்கொண்டு அன்று மாலையே ஊர் திரும்பிவிடுகின்றன. ஊருக்குத் தெற்கே நீலச் சுவர்போல் நிற்கும் பெருமலைத் தொடரை எல்லோரும் பார்க்கிறோம். அதனுள் ஏறிச் செல்லும் சாலையைக் கொடைக்கானல் சாலை என்கிறோம். அது உல்லாசப் பயணிகளுக்கு உரியது, நமக்கு அங்கே என்ன வேலை என்று ஒதுக்கியும் விடுகிறோம். ஆனால் ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளத்தில் 6,000 அடி உயரும் அந்தச் சாலையும், அதன் மேற்கே பூம்பாறை வரை நீளும் கிளையும், மூன்று முருகன் தலங்களை ஒரே சரத்தில் கோத்திருக்கின்றன. மேலே உள்ள இரு கோயில்களும் பழநித் தேவஸ்தானத்தின் உபகோயில்களே. அவ்வகையில் இதனைப் பழநி யாத்திரையின் இரண்டாம் பகுதி என்று கொள்வதில் தவறில்லை.

இந்தச் சாலையில் செல்வதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. விரைந்து செல்லக்கூடாது. நின்று நின்று செல்ல வேண்டும்.

இக்காலத்தில் இதைச் சொன்னால் வீட்டிலேயே எதிர்ப்பு வரும். ஒரு நாளில் ஒன்பது கோயில், இரண்டு நாளில் பதினெட்டு என்று அட்டவணை போட்டுக்கொண்டு புறப்படும் காலம் இது. அந்த அட்டவணையில், கோயிலுக்கும் கோயிலுக்கும் இடையில் உள்ள நிலம் வெறும் கிலோமீட்டர் கணக்குதான். நான் ஆயுளின் பெரும்பகுதியைப் பேரேடுகளோடு கழித்தவன். கணக்கின் மீது எனக்கு மனத்தாங்கல் ஏதும் இல்லை. ஆயினும் தரிசனத்தை எண்ணிக்கையில் வரவு வைக்கும் இந்தப் பழக்கம் எனக்குச் சம்மதமில்லை. 

வழியில் நிற்பதற்குப் பழநியைவிடச் சிறந்த சாட்சி வேறு இல்லை. அகத்தியரின் ஆணைப்படி சிவகிரி, சக்திகிரி என்னும் இரு மலைகளைப் பொதிகைக்குச் சுமந்து வந்தான் இடும்பன். பிரம்மதண்டத்தைத் தோள்தடியாகவும் பாம்புகளை உறியின் கயிறாகவும் கொண்டு அவன் தூக்கிய அதுவே முதல் காவடி. ஆவினன்குடிக்கு அருகில் வந்தபோது களைப்பு மிகுந்து சுமையை இறக்கி வைத்தான். இளைப்பாறி எழுந்து மீண்டும் தூக்க முயன்றான், மலை அசையவில்லை. மேலே பார்த்தால் கோவணம் தரித்த ஒரு பாலகன் நிற்கிறான். அதன்பின் நடந்த போரும், இடும்பன் மாண்டு மீண்டதும், காவடி எடுப்போர்க்கெல்லாம் அவன் வரம் கேட்டுப் பெற்றதும் நம் வாசகர்கள் அறிந்தவையே. கதை கேட்கும்போது நாம் போரைக் கவனிக்கிறோம். அதற்கு முன் அவன் வழியில் நின்றதைக் கவனிப்பதில்லை. அவன் போகவேண்டிய ஊர் பொதிகை. இறைவன் அவனுக்காகக் காத்திருந்ததோ இளைப்பாறிய இடத்தில்.

நம் முன்னோரின் சாலைகளும் நிற்பதற்காகவே அமைந்தவை. புளியமர நிழல், தண்ணீர்ப் பந்தல், சத்திரம், கல்மண்டபம் என்று நடப்பவனை நிறுத்தி உட்கார வைக்கும் ஏற்பாடுகள் வழிநெடுக இருந்தன. கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்களின் நினைவாகச் சுமைதாங்கிக் கற்களை நட்டார்கள். இரு கல்லை நிறுத்தி, குறுக்கே ஒரு கல்லை வைத்தால் போதும். தலைச்சுமைக்காரன் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கவும் ஏற்றவும் முடியும். இன்று நான்கு வழிச் சாலையின் ஓரத்தில் அத்தகைய கற்கள் சில சாய்ந்து கிடப்பதைக் காரின் கண்ணாடி வழியே ஒரு கணம் பார்க்கிறோம்; மறுகணம் அவை பின்னால் போய்விடுகின்றன.

இனி, சாலைக்கு வருவோம். பழநியை விட்டுச் சில கிலோமீட்டரில் வரதமாநதி அணை வருகிறது. மலையின் அடிவாரத்தை ஒட்டிய சிறிய அணை. நீர் நிறைந்திருக்கும் மாதங்களில் தென்புறத்து மலை முழுவதும் அதில் தலைகீழாய்த் தெரியும். முதல் நிறுத்தம் இங்கேயே இருக்கட்டும். மேலே ஏறப்போகிற உயரத்தைக் கீழே நின்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. கொடைக்கானலுக்குச் செல்லும் வாகனங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே மாதம் முதல் இணைய வழி அனுமதிச் சீட்டு கட்டாயமாகியுள்ளது. அதை வீட்டிலிருந்து புறப்படும்போதே எடுத்து வைத்துக்கொண்டால் சோதனைச் சாவடியில் தடுமாற வேண்டியதில்லை.

ஏற்றம் தொடங்கியதும் முதலில் வருவது வறண்ட முட்காடு. சில வளைவுகள் கடந்தபின் காற்று மாறும். அதன்பின் ஓங்கிய மரங்களின் நிழலில் காப்பிச் செடிகளும், இடையிடையே மலைவாழையும் தென்படத் தொடங்கும். இந்த வாழையைக் கண்டால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லுங்கள். விருப்பாச்சி என்று பெயர் பெற்ற மலைவாழைதான் பழநிப் பஞ்சாமிர்தத்தின் உயிர். நீர்ச்சத்து குறைந்த பழம் அது. அதனால்தான் ஒரு சொட்டு நீர் சேர்க்காமல் பிசையும் பஞ்சாமிர்தம் பல நாள் கெடாமல் நிற்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பிரசாதத்தைக் கடையில் வாங்கி உண்கிறோம். அதன் பழம் விளைகிற சரிவை, குழந்தைகளை அழைத்துச் சென்று எத்தனை பேர் காட்டியிருக்கிறோம்?

இன்னும் மேலே ஏறினால், மரங்கள் விலகிச் சமவெளி முழுவதும் திறந்து கிடக்கும் இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சில இடங்களில் கைப்பிடிச் சுவர் உண்டு. சில இடங்களில் சாலையோரம் சற்றே அகன்றிருக்கும், அவ்வளவுதான். கீழே குளங்கள் உடைந்த கண்ணாடித் துண்டுகள்போல் மின்னும். அவற்றுக்கு நடுவில் பழநி மலை தெரியும்.

சென்ற ஆண்டு என் மூத்த சகோதரியையும் அழைத்துக்கொண்டு இவ்வழியே சென்றேன். எழுபத்தைந்தைக் கடந்தவர். இளமையில் மதுரையிலிருந்து நான்கு தைப்பூசங்களுக்குப் பாதயாத்திரையாக வந்தவர். இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. அன்று காலை ரோப் காரில்தான் மலைக்கு ஏறினார். தரிசனம் நிறைவாகவே கிடைத்தது. ஆனாலும் இறங்கியதிலிருந்து ஒரே குறை. “படி ஏறாமல் பார்த்துவிட்டு வந்தேனே தம்பி, இது என்ன தரிசனம்? பொட்டலம்போலத் தொட்டியில் உட்கார வைத்து மேலே அனுப்பிவிட்டார்கள்.” 693 படிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டு ஏறியவருக்கு அந்த வருத்தம் இருக்கத்தானே செய்யும்? சமாதானம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. மலைப்பாதையில் வண்டியை நிறுத்தியபோதும் இறங்க மறுத்தார். “சாமி பார்த்தாயிற்று. இனி மலையையும் மரத்தையும் வேடிக்கை பார்க்க நான் எதற்கு? நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.”

மூன்றாவது நிறுத்தத்தில் ஓட்டுநர்தான் அவரை இறங்க வைத்தார். “அம்மா, கீழே பாருங்கள், பழநி மலை!” என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அக்கா மெல்ல வந்து சுவரைப் பற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஊரிலிருந்து 450 அடி உயர்ந்து நிற்கும் அந்த மலை, அங்கிருந்து பார்க்க உள்ளங்கையில் வைத்த கொழுக்கட்டை அளவே இருந்தது. பக்கத்தில் இடும்பன் மலை. “இவ்வளவுதானா?” என்றார். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “ஒட்டன்சத்திரம் எந்தப் பக்கம்?” என்று கேட்டார். ஓட்டுநர் கைநீட்டிக் காட்டினார். அந்தத் திசையிலிருந்து பழநி வரை காற்றில் விரலால் ஒரு கோடு இழுத்தார். எங்கே காலில் கொப்புளம் உடைந்தது, எங்கே யாரோ ஒரு வீட்டுத் திண்ணையில் இரவு படுக்க இடம் கொடுத்து, வெந்நீர் வைத்துக் காலுக்கு ஊற்றினார்கள், எங்கே நடக்க முடியாமல் அமர்ந்து அழுதார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கேட்டால், எல்லாம் நின்ற இடங்களாகவே இருந்தன. அருகில் நின்றிருந்த வேறொரு குடும்பத்துச் சிறுமி படம் எடுப்பதை விட்டுவிட்டு அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ரோப் காரைப் பற்றி அதன்பின் அக்கா பேசவில்லை.

நிற்பதற்கும் ஒரு முறை உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கொண்டை ஊசி வளைவிலும் அதன் அருகிலும் எவ்வளவு அழகான காட்சி இருந்தாலும் நிறுத்தக்கூடாது. ஏறி வரும் பேருந்து வளைவை முழுதாக எடுத்துத் திரும்ப அந்த இடம் அத்தனையும் வேண்டும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதையின் பழைய தர்மம். இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே வர வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி வந்தால் அது சூடேறிக் கைவிட்டுவிடும். குரங்குக்கு உணவிடுவதைப் புண்ணியம் என்று நினைப்பவர்கள் நம்மிடையே அதிகம். அனுமனின் இனமாயிற்றே என்கிறார்கள். பிஸ்கட்டுக்காகச் சாலை நடுவே வந்து அமரப் பழகிய குரங்கு, ஒருநாள் சக்கரத்தில் அடிபடுகிறது. அந்தப் பாவம் யார் கணக்கில் சேரும்? கைப்பிடிச் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தால் வேறொன்றும் தெரியும்: தண்ணீர் பாட்டில்கள், தட்டுகள், அர்ச்சனைப் பையோடு எறியப்பட்ட தேங்காய் மூடிகள். இந்த மலையின் ஓடைகளே கீழே வரதமாநதியில் நீராகச் சேர்கின்றன. சந்நிதியில் செய்யத் துணியாததைச் சந்நிதியின் நீர்ப்பிடிப்பில் செய்கிறோம்.

பெருமாள்மலையில் வத்தலக்குண்டுச் சாலை வந்து சேர்கிறது. அதற்கு மேல் வாகன நெரிசல்தான். வெள்ளி நீர்வீழ்ச்சியில் எல்லோரும் நிற்பார்கள். கூட்டம் குறைவாயிருந்தால் நீங்களும் நில்லுங்கள், இல்லையேல் நேரே சென்றுவிடலாம். கொடைக்கானல் நகரைக் கடந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் சென்றால் பூம்பாறை.

பூம்பாறையை ஊருக்குள் நுழைவதற்கு முன் சாலையிலிருந்து பார்க்க வேண்டும். பள்ளத்தாக்கின் சரிவு முழுவதும் படிப்படியாக வெட்டிய வயல்கள், நடுவில் நெருக்கியடித்த ஓட்டு வீடுகள், அவற்றிடையே கோயில். வயல்களில் விளைவது பூண்டு, உருளைக்கிழங்கு, காரட். புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் பெயர்பெற்ற ஊர் இது. கோயிலில் எழுந்தருளியிருப்பவர் குழந்தை வேலப்பர். பழநி மூலவரைப் போலவே இத்திருமேனியையும் போகர் நவபாஷாணத்தால் செய்தார் என்பது தல நம்பிக்கை.

குழந்தை என்ற பெயருக்கு ஒரு கதை சொல்கிறார்கள். அதுவும் வழியில் தங்கிய கதையே. அருணகிரிநாதர் இங்கு வந்து இரவு கோயிலில் கண்ணயர்ந்தாராம். அவரைக் கொல்ல ஓர் அரக்கி வந்தாள். முருகன் குழந்தையாகி, உறங்கும் அடியாரின் அருகில் விளையாடிக்கொண்டிருந்தான். காவியுடையில் கிடந்தவரைத் தாய் என்று எண்ணிய அரக்கி, தாயையும் பிள்ளையையும் பிரிக்க மனமின்றித் திரும்பிவிட்டாள். அரக்கிக்கும் அந்த இரக்கம் இருந்தது என்பதுதான் எனக்கு இக்கதையில் பிடித்த இடம். தை மாதத்தில் இங்கே தேரோட்டம். ஊர் சரிவில் இருப்பதால் தேருக்கு முன்புறம் மட்டுமன்றிப் பின்புறமும் வடம் கட்டியிருப்பார்கள். முன்னே இழுப்போர் இழுக்க, பின்னே பிடிப்போர் வேகத்தைத் தாங்கிப் பிடிக்க, தேர் அடி அடியாக நகரும்.

இரவு கொடைக்கானலில் தங்கி, மறுநாள் விடியலிலேயே குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குச் சென்றுவிட வேண்டும். இலங்கையின் பெருந்தலைவரும், யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவியவருமான சேர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையார், 1936இல் எழுப்பிய கோயில் இது. ஐரோப்பிய மரபில் பிறந்து சைவத்தைத் தழுவியவர் அவர். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சியின் பெயரால் இறைவன் விளங்குகிறான். 2018இல் இம்மலைகளில் குறிஞ்சி பூத்தது. இனி 2030இல் பூக்க வேண்டும்.

கோயிலின் வடக்குப் புறத்தில் நின்றால் மலை சட்டென்று முடிந்து, ஆழத்தில் சமவெளி விரிகிறது. தெளிந்த காலையில் அங்கிருந்து பழநி மலை தெரியும். ஒன்பது மணிக்குமேல் பெரும்பாலும் மூடுபனி ஏறி வந்து அனைத்தையும் மறைத்துவிடும். நாங்கள் சென்ற அன்று ஏழு மணிக்கே பனி. கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் வெண்மை தவிர எதுவும் இல்லை. பூக்கடைக்காரப் பெண்மணி ஒருவர், வந்தவர்களுக்கெல்லாம் சலிக்காமல் கைநீட்டி, “அந்த மரத்துக்கு நேர் கீழே, அங்கேதான் பழநி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேரளத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம், ஐந்தாறு பள்ளிப் பிள்ளைகள், அக்கா, எல்லோரும் அந்த வெண்மையை நோக்கிக் கைகூப்பினார்கள். அரை மணி நேரம் காத்திருந்தோம், பனி விலகவில்லை. அடுத்த முறை ஆறு மணிக்கே வந்துவிட வேண்டும் என்று அக்கா ஓட்டுநரிடம் சொல்லி வைத்திருக்கிறார்.