அக்கா மகனின் தோட்டாப் பட்டறை

வீட்டில் உட்கார்ந்து துப்பாக்கித் தோட்டா தயாரிக்கிறார்கள் என்றால் நம் ஊரில் போலீஸ் வரும். வரவும் வேண்டும். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ஆனால் அமெரிக்காவிலும் பிரான்சிலும் குறிபார்த்துச் சுடுவதை விளையாட்டாகக் கொண்டவர்கள், சுட்டு முடித்த வெற்றுக் கூடுகளைப் பொறுக்கி வந்து, வீட்டிலேயே மறுபடி மருந்து நிரப்பிக்கொள்கிறார்கள். அங்கே அது சட்டம் அனுமதித்த பொழுதுபோக்கு. பிரெஞ்சில் 'ரெஷார்ழ்மான்' என்பார்கள். நான் அதைப் பார்த்தது பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில், என் அக்கா மகன் வீட்டு நிலவறையில்.

அவன் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். பாண்டிச்சேரிக்காரர்களுக்கு இது புதிய விஷயமில்லை, தெருவுக்கு ஒரு சொல்தா வீடு உண்டு. ஓய்வுக்குப் பிறகு துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர்ந்து, ஞாயிறு தோறும் 25 மீட்டர் தூரத்தில் காகித இலக்கைச் சுட்டுக்கொண்டிருந்தான். கடைத் தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை என்று தானே நிரப்ப ஆரம்பித்தான். அவனோடு இருக்கும் என் அக்காவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. பேரப்பிள்ளைகள் வந்து போகிற வீடு. நான் மூன்று மாதம் தங்கப் போனபோது, "தம்பி, நான் சொன்னா கேக்கமாட்டான். நீ சொல்லி நிறுத்துடா" என்றாள்.

பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது என் வழக்கமில்லை. "நாலு நாள் கீழே உட்கார்ந்து பார்க்கிறேன்" என்றேன்.

தோட்டா என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது நாலு பொருள்களின் கூட்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொருந்தும் சின்ன எரியூட்டி, உள்ளே மருந்து, வாயில் ஈயக் குண்டு. பிரெஞ்சில் முறையே தூய், அமோர்ஸ், பூத்ர், பால். தூய் என்றும் பால் என்றும் காதில் விழுந்தால் ஏதோ அபிஷேக சாமான் போல இருக்கும். எரியூட்டி என்பது தீபாவளித் துப்பாக்கியில் நாம் வைத்த பொட்டு வெடியின் பெரியண்ணன். சுத்தியல் தட்டினால் பொறி கிளம்பும், அது மருந்தைப் பற்ற வைக்கும், எரிந்த வாயு குண்டைத் தள்ளும். மருந்தும் எரியூட்டியும் ஒரு தடவையோடு போச்சு. பித்தளைக் கூடு மட்டும் பல தடவை உழைக்கும். விலையில் பெரும் பங்கும் அதற்குத்தான். இந்தத் தொழிலின் கணக்கே அதில்தான் இருக்கிறது.

அவனிடம் இருந்தது .38 ஸ்பெஷல் ரிவால்வர். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு அது நல்லது என்றான். ரிவால்வர் வெற்றுக் கூட்டைத் தூக்கி எறியாது. உருளையிலேயே தங்கும், எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

வேலை இப்படி. முதலில் கூடுகளை, அரைத்த மக்காச்சோளக் கட்டைத் தூளோடு ஒரு அதிரும் தொட்டியில் போட்டுத் துலக்குவது. பிறகு ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, வாயில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துக் கழிப்பது. மேஜையில் இறுக்கிய கைப்பிடி இயந்திரம் ஒன்று இருந்தது. ஆபீசில் எழுத்துப் புடைக்க முத்திரை அழுத்துவோமே, அதன் பெரிய வடிவம். முதல் அச்சு, சுட்டபோது விரிந்துபோன கூட்டைப் பழைய அளவுக்கு இறுக்கி, பழைய எரியூட்டியையும் வெளியே தள்ளும். இரண்டாவது, குண்டு உட்காருவதற்கு வாயைக் கொஞ்சம் அகட்டும். பிறகு புது எரியூட்டி, அதன் பிறகு மருந்து. கடைசி அச்சு குண்டை உட்கார வைத்து வாயை மூடும். முடிந்ததும் மொத்த நீளத்தை வெர்னியரால் அளக்க வேண்டும். குண்டு ஆழமாக இறங்கினால் உள்ளே இடம் குறையும், அழுத்தம் ஏறும்.

ஒரு தடவைக்கு ஒரே வேலை செய்கிற இயந்திரம் அது. கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் ஒரு தோட்டா விழுகிற மாதிரி வேகமான இயந்திரங்களும் உண்டு. ஆரம்பிக்கிறவன் மெதுவான இயந்திரத்தில்தான் பழக வேண்டும் என்று அவன் கழகத்துப் பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள்.

மருந்துதான் முக்கியம். புகையில்லா மருந்தை 1884-ல் கண்டுபிடித்தவர் போல் வியெய் என்ற பிரெஞ்சுக்காரர். அதற்கு முந்தைய கரிமருந்துக்கு இடம் நிறைய வேண்டும். .38 ஸ்பெஷல் கூடு அந்தக் கரிமருந்துக் காலத்து அளவிலேயே நீளமாக நின்றுவிட்டது. இன்றைய மருந்தோ அதில் கால் கிராம் அளவு போட்டால் போதும். தட்டார் கணக்கில் இரண்டு குன்றிமணி எடை. கூட்டின் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும், மேலே காலி. ஆகவே தவறி இரண்டாம் தடவை ஊற்றினாலும் வழியாது, காட்டிக்கொடுக்காது. அதைச் சுட்டால் அழுத்தம் இரண்டு மடங்கோடு நிற்காது. துப்பாக்கி கையிலேயே வெடிக்கும்.

மருந்தே விழாமல் போனாலும் ஆபத்துதான். எரியூட்டியின் பலத்தில் குண்டு குழலுக்குள் பாதி தூரம் போய்ச் சிக்கிக்கொள்ளும். 'டப்' என்று மந்தமான சத்தம் வரும். அது புரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளந்துவிடும்.

மருந்தின் சரியான எடையை நான் இங்கே எழுதவில்லை. மருந்தின் வகை, குண்டின் எடை, கூட்டின் வகை ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு உண்டு. அச்சிட்ட கையேட்டில் பார்த்து, கீழ் அளவிலிருந்துதான் ஏற வேண்டும். வாய்வழிக் கணக்கு கூடாது. அவன் மேஜையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்து டப்பாதான் இருக்கும், மற்றவை பூட்டிய பெட்டியில். எந்த மருந்து, எத்தனை, எந்தத் தேதி என்று நோட்டில் எழுதி வைப்பான். மேஜையில் ஒரு ஃபைலை மூடாமல் அடுத்ததைத் திறக்காதே என்று எனக்குச் சொல்லிக் கொடுத்த பழைய தலைமை எழுத்தர் இதைப் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

நாலாம் நாள் அது நடந்தது. 50 குழி வைத்த மரப் பலகையில் 50 கூடுகளை நிறுத்தி, ஒவ்வொன்றாக மருந்து ஊற்றிக்கொண்டு வந்தான். மேலே படிக்கட்டிலிருந்து அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். பதில் இல்லாததால் மறுபடி கூப்பிட்டாள். மூன்றாம் தடவை அவன் திரும்பி, "வரேம்மா" என்று கத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். 50-ம் முடிந்தது. குண்டு வைப்பதற்கு முன், வழக்கம்போல் டார்ச் அடித்து வரிசையாக உள்ளே பார்த்தான். ஒரு கூட்டின் மேல் டார்ச் நின்றது. "மாமா, நீங்களும் பாருங்க" என்றான். மற்ற 49-ம் ஒரே மட்டம். அது மட்டும் மேலே ஏறி நின்றது.

ஒன்றும் பேசாமல் 50 கூட்டையும் டப்பாவிலேயே கவிழ்த்தான். ஒன்றை மட்டும் திருத்தினால் போதாதா என்று கேட்டேன். "ஒண்ணு தப்பிப் போச்சுன்னா மீதியையும் நம்பக்கூடாது மாமா" என்றான். சாப்பிட்டுவிட்டு வந்து முதலிலிருந்து ஆரம்பித்தான்.

அன்று ராத்திரி அக்காவிடம் பேசினேன். "அவனை நிறுத்தச் சொல்ல மாட்டேன் அக்கா. ஆனா நீ இனிமே அவன் கீழே இருக்கிறப்போ கூப்பிடாதே. சோறு ஆறினா ஆறட்டும்" என்று நடந்ததைச் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்தது. "அப்ப எம்மேலதான் குத்தமா?" என்றாள். குற்றம் யார் மேலும் இல்லை, அந்த வேலைக்கு நடுவில் யார் குரலும் விழக்கூடாது என்பதுதான் விஷயம் என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். "சரி, கூப்பிடமாட்டேன். ஆனா பிள்ளைங்க வர்ற அன்னிக்கு நிலவறைச் சாவி என்கிட்ட இருக்கணும்" என்றாள். அவன் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டான். துப்பாக்கி ஏற்கெனவே இரும்புப் பெட்டிக்குள்தான் இருந்தது. அந்த நாட்டில் டாக்டர் சான்றிதழ், கழக லிசான்ஸ், பிரெஃபெக்த்யூர் அனுமதி எல்லாம் முடித்துத்தான் அதை வாங்கவே முடியும்.

வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளையோ மருமகனோ இதில் இறங்கினால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். முதலில் சில கேள்விகள் கேளுங்கள். அந்த ஊர்ச் சட்டம் தெரியுமா? கையேடு எது? மேஜையில் எத்தனை டப்பா? கண்ணாடி போடுகிறாயா? ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தூக்குவதில்லையே? எரியூட்டிகளை வாங்கின பெட்டியிலேயே வைத்திருக்கிறாயா? சாவி யாரிடம்? பதில் தடுமாறாமல் வந்தால் பையன் பொறுப்பானவன். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று வந்தால் அன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு வயது 80-ஐத் தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால், அவனிடம் கொடு என்று நான் கேட்பதற்கு முன்பே, "அவன் கீழே இருக்கான், ஒரு மணி நேரம் கழிச்சுப் பேசு" என்கிறாள்.