ஆச்சிமார் விட்டுச்சென்ற சொற்கள்



எங்கள் ஒவ்வொருவர் வாயிலும் அம்மாவோ ஆச்சியோ சொன்ன ஒரு சொல்லாவது தங்கியிருக்கும். பிள்ளையை அதட்டும்போதும் உலை வைக்கும்போதும் நாங்கள் அறியாமலே அது வந்து விழும். "இவள் தாயைப் போலவே கதைக்கிறாள்" என்று அயலார் சொல்லும்போதுதான் எமக்கே தெரியவரும்.

2009 தை, மாசி மாதங்களில் புதுக்குடியிருப்பை விட்டுப் புறப்பட்டபோது உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய சாமான்களில் பாதி தேவிபுரத்தில் நின்றுவிட்டது. மிச்சம் மாத்தளனில். வலைஞர்மடத்துக்குப் போகையில் கையில் ஒரு பைதான் இருந்தது. செட்டிகுளம் முகாமுக்குள் அதுவும் இல்லை. ஆனால் அம்மம்மாவின் சொற்கள் கூடவே வந்தன. அவற்றுக்குப் பாரமில்லை.

பழமொழிகளைச் சேர்த்து வைப்பது புதிய வேலையல்ல. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பேர்சிவல் பாதிரியார் அவற்றைத் திரட்டினார். ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழாக்கியவரும் அவரே. 1874இல் சென்னையில் வெளிவந்த அவருடைய பதிப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் ஆங்கில மொழிபெயர்ப்போடு உள்ளன. எந்தப் பழமொழியை எந்த நேரத்தில், எந்தக் குரலில் ஆச்சி சொன்னார் என்பது அந்தப் புத்தகத்தில் இராது. அது எங்களிடம்தான் இருக்கிறது.

என்னுடைய அம்மம்மா உப்பைப் பற்றி இரண்டு சொல் வைத்திருந்தார். "விளக்கு வைச்சாப் பிறகு உப்புக் கடன் குடுக்கப்படாது" என்பது ஒன்று. மற்றது நீங்களும் அறிந்ததே: "உப்பின்ர அருமை உப்பில்லாட்டித் தெரியும், அப்பன்ர அருமை அப்பன் செத்தால் தெரியும்."

பொக்கணையில் மணலை வெட்டி, சேலைகளை மண்மூட்டையாகத் தைத்து அடுக்கிய பங்கருக்குள் இருந்தோம். எனக்கு அப்போது 17 வயது. விளக்கு வைக்கமுடியாத இரவுகள் அவை. பக்கத்துப் பங்கரிலிருந்து ஒரு தாய், "பிள்ளையளுக்குக் கஞ்சி வைச்சனான், துளி உப்பு இருக்கோ?" என்று கேட்டார். அம்மம்மா சிரட்டையில் கிடந்ததில் பாதியை எடுத்துக் கொடுத்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "விளக்கு வைச்சால்தானே பிள்ளை அந்தச் சட்டம்" என்றார்.

இரண்டாவது சொல்லை அதன்பின் அவர் எடுக்கவே இல்லை. தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகள் எங்களைச் சுற்றி இருந்தார்கள். உண்மையான சொல்லானாலும் கேட்பவர் நெஞ்சு நோகுமென்றால் அதை வாய்க்குள் வைத்துக்கொள்ளலாம் என்று அவரிடம் படித்தேன்.

"போறன் எண்டு சொல்லாதை, போட்டு வாறன் எண்டு சொல்லு" என்பது வன்னியில் எல்லா வீட்டுப் படலையிலும் கேட்கும் சொல். இன்று அதைச் சொல்லும்போது பலருக்குக் குரல் தழுதழுக்கிறது. போட்டு வாறன் என்று சொல்லிப் போனவர்களைத் தேடி, 2017இல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீதியோரம் அமர்ந்த தாய்மாரை நாங்கள் அறிவோம். அந்தச் சொல் அவர்களுக்குக் கொடுத்த வாக்கு.

எல்லாச் சொல்லும் இப்படியானதல்ல. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோதுதான், யார் பேசலாம், யார் அடங்கவேண்டும் என்ற ஒழுங்கும் பழமொழிக்குள் இருப்பது விளங்கியது. "பொம்பிளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு" என்பார்கள். கட்டி வைத்த புகையிலையை விரித்துப் போட்டால் காய்ந்து மணம் கெடும், அது சரி. பெண் சிரித்தால் என்ன கெடும்?

ஆங்கிலேயர் வீடுகளிலும் இத்தகைய சொல் இருந்தது. பிள்ளைகள் கண்ணில் படலாம், அவர்கள் குரல் காதில் விழக்கூடாது என்பார்கள். 15ஆம் நூற்றாண்டு நூலொன்றில் அது கன்னிப்பெண்களைப் பற்றியதாகவே காணப்படுகிறது. அந்த நாட்டிலும் இப்போது அது பழங்காலத்துச் சொல்லாகிவிட்டது. மனிதர் உண்டாக்கிய சொல்லை மனிதரே கைவிடலாம் என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

நாங்கள் முதலில் கைவிடவேண்டியது எது? கணவனை இழந்த ஒரு சகோதரி, கூலிக்குக் கச்சான் பிடுங்கி மகளைப் படிப்பித்தவர். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் புறப்பட்ட காலை அவர் குசினிக்குள் நின்றுகொண்டார். முழுவியளத்துக்கு அயலிலுள்ள சுமங்கலி ஒருவரை முன்னால் வரச் சொல்லியிருந்தார். உள்ளே போ என்று அன்று அவரை எவரும் சொல்லவில்லை. சிறுவயதிலிருந்து காதில் விழுந்த சொற்களே போதுமாயிருந்தன. மகள் சைக்கிளைச் சாத்திவிட்டு, "அம்மா வந்து நிண்டால்தான் போவன்" என்றாள். தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

பெறுபேறு என்னவானது என்று நீங்கள் கேட்கக்கூடும். அது பிள்ளை படித்ததைப் பொறுத்தது. தாய் எங்கே நின்றார் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இரவு பகலாக உழைத்து வளர்த்தவளின் முகத்தைவிட நல்ல முழுவியளம் ஒரு பிள்ளைக்கு வேறென்ன?

சகோதரிகளே, அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஓர் அப்பியாசக் கொப்பி கொண்டுபோங்கள். ஆளுக்கொரு சொல் சொல்லட்டும். யார் சொன்னது, எப்போது சொன்னது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வயதான அம்மாக்களை முதலில் கேளுங்கள். சிரிப்பு வரும், அழுகையும் வரும். எழுதி முடிந்ததும், எதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது, எதை எங்களோடு நிறுத்துவது என்று கூடிக் கதையுங்கள்.

நாளை காலை பிள்ளை பள்ளிக்கூடம் புறப்படும்போது, நீங்கள் யாராயிருந்தாலும், படலையடிக்கு வந்து நேரே நின்று "போட்டு வா பிள்ளை" என்று சொல்லுங்கள்.