அவிழத் தெரிந்த மாலை

1839ஆம் ஆண்டு பெர்லின் நகரத்து மருந்தாளர் எட்வார்ட் சைமன், ஸ்டோராக்ஸ் என்னும் மரப்பிசினைக் காய்ச்சி வடித்து ஓர் எண்ணெயைப் பெற்றார். அது சில நாட்களில் கூழாக இறுகியது. காற்றின் வேலை என்று அவர் கருதினார். காற்றில்லாமலும் அது இறுகும் என்று 1845இல் ப்ளைத், ஹோஃப்மன் இருவரும் காட்டினர். இறுகியதைக் கடுமையாகச் சூடேற்றினால் பழைய எண்ணெயே திரும்புவதையும் கண்டனர். ஸ்டைரீன் மணிகள் கோத்த மாலையே பாலிஸ்டைரீன். அதை நுரைக்கச் செய்தால் நாம் அறிந்த தெர்மோகோல்.

வந்த வழியே திரும்பத் தெரிந்த இப்பொருளுக்கு எங்கள் தெருவில் ஒரே கதிதான். விழாக்காலம் முடிந்ததும் தெருமுனையில் குவித்துத் தீ வைக்கிறார்கள். மூச்சிரைப்புள்ள தந்தையாரின் அறைச் சன்னலை நாங்கள் மூடுகிறோம். மூடிய பின்னும் கரி மணம் உள்ளே வருகிறது.

எரிப்பதும் வெப்பத்தால் சிதைப்பதும் ஒன்றல்ல. ஆய்வுக்கூடத்தில் சில மில்லிகிராம் மாதிரியை நுண்தராசில் இட்டு, நைட்ரஜன் ஓட்டத்தில் சீராகச் சூடேற்றி, எடை குறைவதைப் பதிவு செய்கிறார்கள். 350 பாகை செல்சியஸைத் தாண்டியதும் மாலை வேகமாக அவிழ்கிறது. கிடைக்கும் திரவத்தில் ஸ்டைரீனே மிகுதி. கிளர்வு ஆற்றலை மோலுக்கு 200 கிலோஜூல் என்று கொண்டு, அர்ஹீனியஸ் 1889இல் அளித்த சமன்பாட்டில் இட்டுப் பார்த்தோம். 400 பாகையில் பத்துப் பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ 1.7 மடங்காகிறது. அங்கே ஒரு நிமிடத்தில் நிகழ்வது, 27 பாகையில், வெப்பத்தை மட்டுமே நம்பினால், பல லட்சம் கோடி ஆண்டுகள் எடுக்கும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1380 கோடி ஆண்டுகள்தான். வெயில் தெர்மோகோலைத் துகளாக உதிர்க்கும். மணி மணியாக அவிழ்க்காது.

அப்படியானால் தடை எது? உலைக்கு வெளியே இருக்கிறது அது. தெர்மோகோலின் கன அளவில் 98 விழுக்காடு காற்று. ஒரு கன மீட்டர் அளவு பெரும்பாலும் 15 முதல் 30 கிலோதான் தேறும். வண்டி நிறைய ஏற்றினாலும் வாடகை காற்றுக்கே போகிறது. பழைய இரும்பு வாங்குபவரும் இதைத் தொடுவதில்லை. சேரும் இடத்திலேயே நசுக்கிச் சுருக்கினால்தான் உலைவரை கொண்டுபோகக் கட்டுப்படியாகும். வேதியியல் தன் பங்கைச் சொல்லி 180 ஆண்டுகளுக்கு மேலாகிறது. மிச்சமிருப்பது வண்டிக்கூலிக் கணக்கு. அதை யாரும் போட்டு முடிக்காதவரை, தீக்குச்சியே மலிவாக இருக்கும்.