பின்னறை வாடையும் ஒரு ரத்தச் சோதனையும்

ஐப்பசி மழை பிடித்து மூன்று வாரமாகிறது. புதுச்சேரியில் தெருவெல்லாம் ஈரம். என் மனைவி இரவில் படுத்துத் தூங்குகிறாள். இதில் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கடந்த பல வருடங்களாக மழைக்காலம் என்றால் அவள் கட்டிலில் இரண்டு தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடிதான் விடிய வைப்பாள். அவள் மூச்சில் வரும் விசில் சத்தம் எனக்குப் பழகிப்போய், அது கேட்டாலும் தூங்கக் கற்றிருந்தேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். 34 வருடம் அரசாங்க குமாஸ்தா. எங்கள் காலத்தில் பழைய கோப்புகளில் ஒரு சொல் அடிக்கடி வரும்: பியேஸ் ழுஸ்திஃபிகாத்தீவ். ஆதாரப் பத்திரம் என்று பொருள். அது இல்லாமல் எந்த மனுவும் அடுத்த மேசைக்கு நகராது. மனுதாரர் எதிரே நின்று அழுதாலும், "காகிதம் எங்கே?" என்றுதான் கேட்போம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. வீட்டிலும் நான் குமாஸ்தாவாகவே இருந்தேன்.

எங்கள் வீடு தாத்தா காலத்து வீடு. திண்ணை, முற்றம், கடைசியில் ஒரு பின்னறை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. உயரத்தில் ஒரு காற்றுப் பொந்து மட்டும். பக்கத்து வீட்டை இடித்துக் கட்டியபோது அவர்கள் மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் எங்கள் சுவரை ஒட்டி இறங்கியது. அதிலிருந்து வடக்குச் சுவரில் ஓதம். வருடா வருடம் வெள்ளையடிப்போம். தை மாதம் நன்றாக இருக்கும். அடுத்த மழையில் கரும்பச்சைப் புள்ளிகள் மறுபடி வரும்.

அந்த அறையில்தான் அப்பாவின் இரண்டு மரப்பெட்டிகள் இருந்தன. அப்பா நொத்தேர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். பிரெஞ்சில் எழுதிய கிரயப் பத்திர நகல்கள், அவருடைய கணக்கு நோட்டுகள், எனக்குப் பள்ளியில் கிடைத்த பரிசுப் புத்தகங்கள், முதுகு பிய்ந்த ஒரு பழைய லாரூஸ் அகராதி, எல்லாம் அதில். மதியம் சாப்பிட்டதும் அங்கே போய் உட்கார்ந்து எதையாவது புரட்டுவது என் வழக்கம். கூட்டிப் பெருக்குவது அவள் வேலை.

"என்னங்க, அந்த ரூமுக்குள்ள போனாலே நெஞ்சைப் பிடிக்குது" என்று அவள் முதலில் எப்போது சொன்னாள் என்று நினைவில்லை. பத்து வருடம் இருக்கும். தும்மல், மூக்கொழுகல் என்று ஆரம்பித்து, பிறகு இளைப்பு. நான் சொன்ன பதில் மட்டும் நினைவிருக்கிறது: "தூசி. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கூட்டு." மருந்துக் கடையில் செட்ரிசின் வாங்கிக் கொடுத்தேன். அது தினசரி மாத்திரையாகிப் போனது. இரண்டு முறை நள்ளிரவில் ஆட்டோ பிடித்துப் போய் நெபுலைசர் வைத்துக்கொண்டு வந்தோம்.

இரண்டரை வருடம் முன்பு, ஒரு சித்திரையில், செய்தித்தாளோடு ஒரு துண்டு விளம்பரம் வந்தது. ஒரே ரத்தத்தில் அத்தனை அலர்ஜியும் கண்டுபிடிக்கலாம், வீட்டுக்கே வந்து எடுப்போம் என்று. டாக்டர் யாரையும் கேட்காமல் நானே பணம் கட்டினேன். ரத்தம் எடுக்க வந்த பையன் காலை ஆறரைக்கு வந்தான். முந்தின இரவு முதல் அவளை நான் பட்டினி போட்டிருந்தேன். "இதுக்கு வெறும் வயிறு வேண்டாமே தாத்தா" என்றான் பையன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மூன்றாம் நாள் நாலு பக்க அறிக்கை வந்தது. எனக்குப் பரம சந்தோஷம், கடைசியில் கையில் ஆதாரப் பத்திரம்! சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கத்தரிக்காய் ஒன்றாம் நிலை. இறால் இரண்டாம் நிலை. வேர்க்கடலை ஒன்று. அத்தனையையும் கோடிட்டு, சமையலறைக் கதவில் பட்டியல் ஒட்டினேன்.

புதுச்சேரிக்காரியிடம் கத்தரிக்காயும் இறாலும் கூடாது என்பது சாதாரண தண்டனையா? "அறுபத்தஞ்சு வருஷமா தின்னதுதானே, ஒரு நாளும் ஒண்ணும் பண்ணலையே" என்றாள். "ரிப்போர்ட்டில் இருக்கு" என்றேன். அதோடு பேச்சு முடிந்தது. ஏழு மாதம் அவள் அதைத் தொடவில்லை.

அந்தக் கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் இரவு அவளால் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை. உதடு நிறம் மாறியிருந்தது. மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்து, நாலு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த நாலு இரவும் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கத்தரிக்காயையும் இறாலையும் நிறுத்தியாயிற்றே, பிறகு ஏன் என்று அந்தப் பட்டியலையே மனதில் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகுதான் நுரையீரல் டாக்டரிடம் போனோம். சின்ன வயதுப் பெண். நான் முதல் வேலையாக அறிக்கையை நீட்டினேன். வாங்கி, கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, என் மனைவியைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார். எந்த மாதத்தில் அதிகம்? இரவிலா, பகலிலா? வெளியூர் போனால் எப்படி இருக்கிறது? "கோயம்புத்தூர்ல மக வீட்டுல ரெண்டு மாசம் இருந்தேன், ஒரு மாத்திரை போடல. இங்க வந்த மூணாம் நாளு ஆரம்பிச்சிடுச்சு." வீட்டில் எந்த இடத்தில் கஷ்டம்? நான் குறுக்கே புகுந்து வீட்டின் அமைப்பை விவரிக்கத் தொடங்கினேன். "அம்மா சொல்லட்டும் ஐயா" என்றார் டாக்டர். அம்மா சொன்னாள். பின்னறை, பெட்டி, சுவர், வாடை. பத்து வருடமாக என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள்.

எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் அறிக்கையைத் திருப்பினார். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியில் விரல் வைத்தார். பூஞ்சைக் கலவை, மூன்றாம் நிலை. நான் கோடிடாத வரி. பூஞ்சையை யார் சாப்பிடப் போகிறார்கள் என்று தாண்டிவிட்டிருந்தேன்.

அவர் சொன்னதையும் பின்னால் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். என் வயதுக்காரர்களுக்கு உதவும்.

நம் ரத்தத்தில் ஐஜிஇ என்று ஒரு புரதம், மிக மிகக் குறைந்த அளவில் இருக்கிறது. அமெரிக்காவில் வேலை செய்த இஷிசாக்கா என்ற ஜப்பானியத் தம்பதியும், ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிக் என்ற இருவரும் 1960களின் நடுவில் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். 1968இல் இந்தப் பெயர் உறுதியானது. உடம்பு ஒரு பொருளை எதிரியாக எண்ணிவிட்டால், அந்தப் பொருளுக்கென்றே தனி ஐஜிஇ தயாரித்து வைக்கிறது. சோதனைக் கூடத்தில் பூஞ்சையின் சத்தை ஒரு பஞ்சு போன்ற பொருளில் ஒட்டவைத்து, நம் ரத்தத்தின் தெளிந்த நீரை அதில் விடுகிறார்கள். பூஞ்சையை அடையாளம் தெரிந்த ஐஜிஇ அதைப் பிடித்துக்கொள்ளும். மற்றதெல்லாம் கழுவினால் போய்விடும். ஒட்டியது எவ்வளவு என்று அளக்கிறார்கள். ஆரம்பத்தில் கதிரியக்கப் பொருளை வைத்து அளந்தார்கள். இப்போது ஒளியை வைத்து அளக்கிறார்கள். 0.35க்குக் கீழே என்றால் இல்லை என்று பொருள். அதற்கு மேல் ஒன்றிலிருந்து ஆறு வரை நிலைகள்.

இங்கேதான் நான் தவறினேன். அந்தச் சோதனை சொல்வது, "இந்த உடம்புக்கு இந்தப் பொருளை அடையாளம் தெரியும்" என்பது மட்டுமே. அதனால் நோய் வருகிறது என்று அது சொல்லவில்லை. கத்தரிக்காய்க்குக் கொஞ்சம் ஐஜிஇ இருக்கலாம். தின்றால் ஒன்றும் ஆகவில்லை என்றால் அது அலர்ஜி இல்லை. இறால் கதை இன்னும் வேடிக்கை. வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிக்கும் இறாலுக்கும் ஒரு புரதம் ஏறக்குறைய ஒரே மாதிரி. பூச்சிக்கு எதிராக உண்டான ஐஜிஇ, இறாலையும் போய்ப் பிடிக்கும். அறிக்கையில் தூசிப் பூச்சிக்கும் நல்ல எண் வந்திருந்தது. அதையும் நான் கோடிடவில்லை, அதுவும் சாப்பாட்டுப் பொருள் இல்லை அல்லவா?

மொத்த ஐஜிஇ என்று ஒரு எண்ணும் உண்டு. வயிற்றில் புழு இருந்தாலும் அது ஏறும் என்றார். ஆகவே அந்த எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படக் கூடாது. அதேபோல, பூஞ்சைக்கு 'இல்லை' என்று வந்தாலும் முழு நிம்மதி கிடையாது. பூஞ்சைகளில் எத்தனையோ வகை. சோதனையில் இருப்பது சிலவே.

தோலில் துளி வைத்துக் குத்திப் பார்க்கும் சோதனையும் இருக்கிறது. ஆனால் அதற்குச் சில நாள் முன்பே செட்ரிசினை நிறுத்த வேண்டும். இவள் இருந்த நிலையில் எதையும் நிறுத்த டாக்டர் விரும்பவில்லை. ரத்தச் சோதனைக்கு அந்த மாத்திரை தடை இல்லை. அதனால் அஸ்பெர்ஜில்லஸ் ஃபுமிகாட்டஸ் என்ற பூஞ்சைக்குத் தனியாகவும், மொத்த ஐஜிஇயும், கூடவே எக்ஸ்ரேயும், ஊதும் சோதனையும் எழுதிக் கொடுத்தார்.

ஏன் அந்த ஒரு பூஞ்சை? சில ஆஸ்துமாக்காரர்களுக்கு அது மூச்சுக் குழாயிலேயே குடியேறி, உடம்பு அதோடு சண்டை போட்டுப் போட்டு நுரையீரல் கெட்டுப்போகும். சுருக்கமாக ஏபிபிஏ என்கிறார்கள். பழுப்புக் கட்டியாகச் சளி வரும். மொத்த ஐஜிஇ பலருக்கு ஆயிரத்தைத் தாண்டும். நம் நாட்டில் எக்ஸ்ரேயைப் பார்த்து இதைக் காசநோய் என்று எண்ணி அதற்கான மாத்திரையைக் கொடுத்துவிடுவதும் நடக்கிறது என்றார். "அது இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான்" என்று சொன்னாலும், அந்த மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பெயரின் கதையைப் பிறகு படித்தேன். 1729இல் மிக்கேலி என்ற இத்தாலியப் பாதிரியார், செடியியல் அறிஞர், இதைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாராம். கோயிலில் தீர்த்தம் தெளிக்கும் கருவி போல் தெரிந்ததால் லத்தீனில் அதன் பெயரையே வைத்துவிட்டார். பிரெஞ்சில் கூப்பியோன் என்போம். சம்பா கோயிலில் சிறுவயதில் எத்தனை முறை பார்த்திருப்பேன்! தெளிப்பது மட்டும் தீர்த்தம் இல்லை.

முடிவு வந்தது. அஸ்பெர்ஜில்லஸுக்கு 4.2, மூன்றாம் நிலை. மொத்த ஐஜிஇ 386. எக்ஸ்ரேயில் குறை இல்லை. அந்தப் பெரிய நோய் இல்லை. பூஞ்சையால் கிளம்பும் ஆஸ்துமா. "அம்மா சொன்னதும் ரத்தம் சொன்னதும் ஒத்துப்போகிறது. ஒத்துப்போனால்தான் நான் நம்புவேன்" என்றார் டாக்டர். காலையும் இரவும் இழுக்க ஒரு இன்ஹேலர், எப்படி இழுப்பது என்று பத்து நிமிடப் பாடம். பிறகு, "அந்த அறையைச் சரி பண்ணுங்க ஐயா. சரியாகும் வரை அம்மா உள்ளே போகவே கூடாது."

மாசி வெயிலில் முகக்கவசம் கட்டிக்கொண்டு பெட்டிகளைத் திறந்தேன். மேலே இருந்தவை பரவாயில்லை. பாதிக்குக் கீழே, அப்பாவின் சாய்ந்த கையெழுத்தின் மேல் கறுப்பும் பச்சையுமாகப் படிந்திருந்தது. காகிதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் பொடியாயிற்று. இத்தனை வருடம் மேல் அடுக்கை மட்டும் புரட்டிவிட்டு, எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் தூக்கிப் போடத் துணிந்துவிட்டேன். வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்த அவள்தான் தடுத்தாள். "மாமா கையெழுத்து. ஒண்ணாவது வைங்க." கெடாத நோட்டுகள் நாலையும் லாரூஸையும் மொட்டைமாடியில் நாலு நாள் காயவைத்தோம். இப்போது கூடத்தில் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. மீதியை மூட்டை கட்டி நகராட்சி வண்டியில் ஏற்றினேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிக் குழாயை மாற்றவைத்து, காரையைச் செங்கல் வரை கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசி, ஒரு ஜன்னலும் திறந்தாயிற்று. செலவு 48,000 ரூபாய்.

அவளுக்கு ஆஸ்துமா போய்விடவில்லை. இன்ஹேலர் இல்லாமல் முடியாது. ஆனால் அன்றிலிருந்து இது இரண்டாவது மழைக்காலம். ஒருமுறை கூட இரவில் ஆட்டோ தேடவில்லை.

என் வயது நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். விளம்பரத்தைப் பார்த்து ஊர்ப்பட்ட பொருளுக்கெல்லாம் ரத்தச் சோதனை செய்யாதீர்கள். முதலில் எந்த மாதம், எந்த அறை, எந்த நேரம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதோடு டாக்டரிடம் போங்கள். எதைச் சோதிப்பது என்று அவர் சொல்லட்டும்.

இறாலை மட்டும் முதலில் டாக்டர் சொன்னபடி கொஞ்சமாகத் தின்று பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஞாயிறு கத்தரிக்காய் இறால் தொக்கு. சமையலறைக் கதவில் இருந்த என் பட்டியலைக் கிழித்து, அதிலேயே இறால் தோலைச் சுற்றிக் குப்பையில் போட்டாள். சாப்பிடும்போது சொன்னாள்: "பத்து வருஷமா நான் சொன்னேன், நம்பல. ரெண்டு சிசி ரத்தம் சொன்ன உடனே நம்பிட்டீங்க."

அந்த ரத்தமும் அவளுடையதுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேசாமல் இன்னொரு கரண்டி தொக்கு கேட்டேன்.