பிள்ளைகளிடம் கொண்டு சேர்ப்பது யார்?



எலவனாசூர்கோட்டையில் ஒரு நாள் மஃரிப் தொழுதுவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது, எங்கள் பேத்தி மலாய் மொழியில் பாடிக்கொண்டிருந்தாள். மலேசியாவின் டிஜிட்டல் டூரியன் நிறுவனம் தயாரிக்கும் ‘ஓமர் அண்ட் ஹானா’ கார்ட்டூனில் வரும் பாட்டு. பொருள் கேட்டோம், தெரியவில்லை. பாட்டுக்கு முன்னால் வந்த மிட்டாய் விளம்பரத்தை மட்டும் வரி பிசகாமல் ஒப்பித்தாள்.

தமிழிலேயே இப்படியொரு நிகழ்ச்சி வேண்டும் என்று நாங்கள் சில குடும்பத்தார் கூடிப் பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கதை, படம், குரல் என்று இரண்டு அமர்வுகள் கழிந்தன. அது பிள்ளைகளை எப்படிச் சென்றடையும் என்று மூன்றாம் அமர்வில் ஒரு பெண்மணி கேட்கும்வரை, எங்களில் எவருக்கும் அது தோன்றவில்லை.

அமெரிக்காவில் 1969 நவம்பர் 10 அன்று ‘செசமி ஸ்ட்ரீட்’ தொடங்கியபோது, ஒளிபரப்பினால் போதும் என்று அதன் தயாரிப்பாளர்கள் இருந்துவிடவில்லை. ஈவ்லின் டேவிஸ் என்ற பெண்மணியின் பொறுப்பில், ஏழை மக்கள் வாழும் பகுதிகளுக்கு ஆட்கள் நேரில் சென்றார்கள். பிள்ளைகள் கூடியிருந்து பார்க்க இடங்களை ஏற்படுத்தினார்கள். 2006இல் அதன் இந்திய வடிவமான ‘கலி கலி சிம் சிம்’ வந்தது. தொலைக்காட்சி இல்லாத குடிசைப் பகுதிகளுக்கு, காய்கறித் தள்ளுவண்டியில் திரையைப் பொருத்தி அதைக் கொண்டுபோனார்கள். நம் தெருவுக்கும் தினமும் தள்ளுவண்டி வருகிறது. நமக்குக் கத்தரிக்காய் மட்டுமே கண்ணில் படுகிறது!

நம்மிடம் அதைவிட எளிய வழி உண்டு. மக்தப் மதரஸாவுக்குப் பிள்ளைகள் நாள்தோறும் வருகிறார்கள். வாரம் ஒரு நாள், பத்து நிமிடம், ஓர் உஸ்தாதின் மேற்பார்வையில் காட்டினால், கைபேசியைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டியதில்லை. கல்வராயன் மலைப் பக்கம் இணைய இணைப்புச் சீராக இல்லாத ஊர்களுக்குப் பென் டிரைவில் கொடுத்தனுப்பலாம். இசைக்கருவி கூடாது என்று கருதும் வீடுகள் நம்மில் ஏராளம். குரல் மட்டும் உள்ள ஒரு பதிப்பும் இல்லையென்றால் அந்த வீடுகளின் கதவு திறக்காது.

பணத்தைப் பற்றிய பேச்சில்தான் குரல் உயர்ந்தது. யூடியூப் விளம்பர வருமானத்தை நம்பலாம் என்றார் ஒருவர். பெற்றோரின் அனுமதியின்றிக் குழந்தைகளின் விவரங்களைத் திரட்டிய வழக்கில், 2019 செப்டம்பரில் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. அதையடுத்து 2020 ஜனவரி முதல், குழந்தைகளுக்கான காணொளிகளில் பார்ப்பவரைக் குறிவைக்கும் விளம்பரங்களை யூடியூப் நிறுத்தியது. அத்தகைய சேனல்களின் வருமானமும் குறைந்தது. குறையாமல் இருந்தாலும் என்ன விளம்பரம் வரும் என்பது நம் கையில் இல்லை. “பிஸ்மில்லாஹ் சொல்லிக் கொடுத்த கையோடு மிட்டாயும் விற்கப் போகிறோமா?” என்று அந்தப் பெண்மணியே கேட்டார். விளம்பரம் வேண்டாமென்றால் நிகழ்ச்சியே வராது என்று எதிர்த்தவரின் பேச்சிலும் நியாயம் இருந்தது.

ஜகாத்திலிருந்து இதற்குக் கொடுக்கலாமா என்பதை ஆலிம்களின் தீர்ப்புக்கு விட்டிருக்கிறோம். இப்போதைக்கு ஸதகாவாகவும், வீட்டுக்கு மாதம் நூறு ரூபாய் சந்தாவாகவும் திரட்டுகிறோம். ஐந்து கதைகளுக்கே இது போதாது. ஒரு கதை முடிந்திருக்கிறது. இன்ஷா அல்லாஹ், வரும் வாரம் மக்தபில் அதைப் போட்டுக் காட்டுகிறோம். பேத்தி முன்வரிசையில் இடம் கேட்டிருக்கிறாள்.