கழற்றாமல் விட்ட இலக்கத் தகடு

பழைய மோட்டார் வண்டி ஒன்றை வாங்கப் போகிறவன் எதையெல்லாம் பார்ப்பான்? மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்ப்பான். குனிந்து அடித்தட்டில் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்ப்பான். ரயரைக் காலால் ஒரு முறை உதைத்தும் பார்ப்பான். (உதைப்பதனால் என்ன தெரியவரும் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை, ஆயினும் நானும் உதைத்தேன்.) முன்னும் பின்னும் திருகாணிகளிலே தொங்கும் இலக்கத் தகட்டை மாத்திரம் ஒருவரும் பார்ப்பதில்லை. வாங்கிய நானும் பார்க்கவில்லை. எனக்கு அந்த வண்டியை விற்ற என் கணக்கு மாஸ்டரும் பார்க்கவில்லை.

2008 ஆம் ஆண்டு சனவரி மாதம். நான் ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்து ஓராண்டுகூட நிறையவில்லை. ஸ்காபரோவிலே ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையிற் குடியிருப்பு. நகரின் மறு அந்தமாகிய மிசிசாகாவிலே ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. பஸ், சுரங்க ரயில், மறுபடியும் பஸ் என்று ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் கழியும். பனியிலே தரிப்பிடத்தில் நின்று விறைத்த ஒரு விடியற்காலையில், எப்படியாவது ஒரு வண்டி வாங்குவதென்று முடிவு செய்தேன்.

அப்பொழுதுதான் மாஸ்டரின் நினைவு வந்தது. யாழ்ப்பாணத்திலே எனக்குச் சாதாரண வகுப்பில் கணிதம் படிப்பித்தவர். மனைவி காலமான பின் தனியாக ஸ்காபரோவில் ஒரு மாடி வீட்டில் இருந்தவர், பிரம்டனில் இருந்த மகளோடு போய்ச் சேர ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். மகள் தன்னுடைய வண்டியைத் தகப்பனுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. ஆகவே அவருடைய பழைய வண்டி விலைக்கு இருந்தது. நான் கேட்ட விலையிலும் இருநூறு டொலர் குறைத்தே தந்தார். பாதுகாப்புச் சான்றிதழ் எடுப்பதற்குப் பிறேக்கில் சிறிது வேலை இருந்தது. கையிலே காசு சேர மூன்று கிழமையாகும் போலிருந்தது.

“தகடு கிடக்கட்டும் தம்பி, அவசரமில்லை. ஆறுதலாய் மாற்றும்” என்றார் மாஸ்டர்.

அந்த நாட்டுச் சட்டப்படி இது பெரும் பிழை. ஆனால் எங்கள் இருவருக்கும் அது பிழையாகவே தோன்றவில்லை. எங்கள் ஊரிலே வண்டியும் இலக்கமும் உடலும் உயிரும் போலல்லவா? என் மாமாவிடம் ஓர் ஒஸ்ரின் ஏ 40 இருந்தது. தொண்ணூறுகளிலே பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடையாதிருந்த காலத்தில், ஒரு துளி பெற்றோலைக் காட்டிக் கிளப்பி, பின் மண்ணெண்ணெயிலே புகை கக்கிக்கொண்டு ஓடிய வண்டி அது. அதற்குச் சொந்தக்காரர் மூவர் மாறினர், இலக்கம் மாறவில்லை. கடைசி இரண்டு எண்களைச் சொன்னாற் போதும், இன்ன வண்டி என்று ஊருக்கே தெரியும். விற்றவர் வெற்றுப் பத்திரத்திலே கையெழுத்து மாத்திரம் வைத்துக் கொடுக்க, பதிவை மாற்றாமலே வண்டி கைமாறிக்கொண்டு போவதையும் நாம் கண்டிருக்கிறோம். ‘ஓப்பின் பேப்பர்’ என்று அதற்கொரு பெயரும் உண்டு.

ஒன்ராறியோ மாகாணத்திலே அப்படியன்று. அங்கே 1982 ஆம் ஆண்டு தொடக்கம் இலக்கத் தகடு வண்டிக்கு உரியதன்று, மனிதனுக்கு உரியது. வண்டியை விற்பவன் தன் தகட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். வாங்குபவன் தன் தகட்டைக் கொண்டுவந்து பூட்டவேண்டும். பழைய வண்டியோடு பழைய சொந்தக்காரனின் வீதிக் கட்டணக் கடனும் வந்துவிடுமோ என்று வாங்குவோர் பலர் அஞ்சுவதுண்டு. தகட்டை ஒழுங்காக மாற்றிக்கொண்டவனுக்கு அந்த அச்சம் வேண்டியதில்லை. எங்கள் கதையில் நடந்தது அதற்கு நேர்மாறானது.

ரொறன்ரோ நகரின் வடக்கே, கிழக்கு மேற்காக ஓடுவது 407 ஆம் இலக்க நெடுஞ்சாலை. 1997 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 1999 இல் மாகாண அரசு அதனை 310 கோடி டொலருக்கு, 99 ஆண்டுக் குத்தகையாகத் தனியாரிடம் ஒப்படைத்தது. பேர்லிங்டனிலிருந்து பிக்கரிங் வரை 108 கிலோமீற்றர் நீளமான அந்தப் பகுதியில் ஏறினாற் கட்டணம். கட்டணம் என்றால் ஒரு தடுப்பு, ஒரு கூண்டு, அதற்குள்ளே கை நீட்டும் ஒரு மனிதர் இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். 2011 இல் திறந்த நமது தென்பகுதி அதிவேகப் பாதையிலே அப்படித்தான் இறங்கும் வாயிலிற் காசைக் கொடுத்துப் பற்றுச்சீட்டைப் பெற்றோம். கணக்கு அவ்விடத்திலேயே தீர்ந்தது. 407 இலே கூண்டும் இல்லை, மனிதரும் இல்லை. ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் தலைக்கு மேலே இரும்புச் சட்டங்கள் நிற்கும். வண்டியின் கண்ணாடியிலே அதற்குரிய சிறு கருவி இருந்தால் அதனோடு பேசிக்கொள்ளும், இல்லாவிட்டால் கமராவினால் பின் தகட்டைப் படம் பிடித்துக்கொள்ளும். அறிவிப்புப் பலகைகள் இருந்தன. நான் அவற்றை வாசிக்கவில்லை. நெரிசல் இல்லாத ஒரு பாதையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமிதத்திலே, கிழமைக்கு நான்கு இரவு, மூன்று கிழமை, போகவும் வரவும் அதிலே பறந்தேன்.

சனவரி முடிவிலே எனக்குச் சொந்தத் தகடு கிடைத்தது. மாஸ்டரின் தகட்டைக் கழற்றி அவரிடமே சேர்ப்பித்தேன். மார்ச் மாதம் முதல் வாரத்திலே கட்டணச் சிட்டை ஒன்று என் பெயருக்கு வந்தது. திடுக்கிட்டேன். தூரத்துக்கு ஒரு கட்டணம். கருவி இல்லாதபடியால் ஒவ்வொரு பயணத்துக்கும் கமராக் கட்டணம் வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினேன்; அன்றோடு அந்தப் பாதையையும் விட்டேன்.

இனித்தான் நான் சொல்லக் கூசுகிற பகுதி. அந்தச் சிட்டையிலே பெப்ரவரிப் பயணங்கள் மட்டுமே இருந்தன. சனவரிப் பயணங்கள் எங்கே என்று ஓர் எண்ணம் வரத்தான் செய்தது. வந்த எண்ணத்தை வாசலிலே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டேன். கமரா வேலை செய்திராது, குளிரிலே தகட்டைப் பனி மூடியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். மாஸ்டருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுப்பதற்கு எனக்கு இரண்டு நிமிடம் போதும். எடுக்கவில்லை.

செப்ரெம்பரில் அவருடைய மகள் அழைத்தார்.

“அண்ணை, அப்பாவுக்குத் தெரியாமல்தான் எடுக்கிறன்.”

அக்காலத்தில் ஒன்ராறியோவிலே ஒவ்வொருவரும் தம் பிறந்தநாளை அண்டித் தகட்டுக்குப் புதிய ஸ்ரிக்கர் எடுக்கவேண்டும். (2022 மார்ச்சில் அந்த ஸ்ரிக்கர் ஒழிக்கப்பட்டது.) மாஸ்டர் அதற்காகக் கந்தோருக்குப் போய் வரிசையில் நின்றிருக்கிறார். முறை வந்ததும், உம்முடைய பெயரில் வீதிக் கட்டணக் கடன் நிற்கிறது, தீர்த்துவிட்டு வாரும் என்று திருப்பிவிட்டார்கள். 407 ஆம் நெடுஞ்சாலைக்கென்றே 1998 இல் இயற்றிய சட்டம் ஒன்றுண்டு. தகடு எவர் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே கட்டணத்துக்குப் பொறுப்பு என்பது அதன் ஏற்பாடு. கட்டாமல் நீண்டநாள் விட்டால், மோட்டார் வாகனப் பதிவாளர் அவருடைய வண்டிப் பதிவைப் புதுப்பிக்க மறுப்பார். கடுதாசிகள் எல்லாம் அவர் விட்டுப்போன மாடி வீட்டுக்கே போயிருக்கின்றன. முகவரி மாறினால் ஆறு நாளுக்குள் அறிவிக்கவேண்டும் என்பது விதி, அவர் அறிவிக்கவில்லை. வாழ்நாளிலே ஒருவருக்கும் ஒரு சதம் கடன் வையாத மனிதர், முன்பின் தெரியாத சனங்களுக்கு நடுவே கடன்காரராய் நின்றார். அன்றைக்கே முழுவதையும் கட்டினாராம்: 341 டொலர், முதியோர் உதவிப் பணத்திலிருந்து.

“உங்களுக்கு இது முன்னமே தெரியுமோ அண்ணை?”

தெரியாது என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை 341 டொலரையும் ஒரு கடித உறையில் வைத்துக்கொண்டு பிரம்டனுக்குப் போனேன். மாஸ்டர் என்னைக் கண்டதும் மகளை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். தேநீர் வந்தது. சிட்டைகளை எடுத்து மேசையிலே பரப்பினார். அவற்றின் பின்புறத்திலே பென்சிலால், அந்த நாளிலே கரும்பலகையில் எழுதிய அதே சாய்வெழுத்தில், கூட்டுவட்டியை மாதம் மாதமாகக் கணக்கிட்டிருந்தார்.

“சதம் பிசகாமல் சரியாய்த்தான் போட்டிருக்கிறாங்கள்” என்றார். அதிலே அவருக்கு ஒரு திருப்தி கூட இருந்ததாகத் தோன்றியது.

நான் உறையை நீட்டினேன். அவர் தொடவில்லை. “ஓடினது நீர். அந்த 258 டொலரும் உம்முடையது, அதை வாங்குவன். மிச்சம் 83, வட்டியும் பிந்தின கட்டணமும். தகட்டைக் கழற்றாததும் முகவரியை மாற்றாததும் நான். அது என்னுடைய கணக்கு.”

நான் மறுத்தேன். அவர் பென்சிலை எடுத்தவர், ஏதோ நினைத்தவர்போல் நிறுத்தி, “உமக்கு முதற் சிட்டை எப்ப வந்தது?” என்று கேட்டார்.

வகுப்பிலே விடையைச் சொல்லாமல் வழியை மட்டும் கேட்பாரே, அந்தக் குரல். மகள் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தார். பொய்யை இன்னொரு முறை சொல்ல என் நாவு எழவில்லை.

“மார்ச் முதற்கிழமை, மாஸ்டர். அப்பவே எனக்கு நினைப்பு வந்தது. நான்தான் சொல்லயில்லை.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மார்ச் மாதத்துக் கணக்கின் கீழே அடிமட்டம் வைத்து ஒரு கோடு கீறினார். கோட்டுக்கு மேலே 11 டொலர், கீழே 72. “மேலே உள்ளது அறியாமை, அது என்னோடு போகட்டும். கீழே உள்ளது உம்முடையது” என்றார். 258 ஐயும் 72 ஐயும் கூட்டினார். உறையைப் பிரித்து எண்ணி 330 டொலர் எடுத்துக்கொண்டு, பத்து டொலர்த் தாள் ஒன்றையும் ஒரு டொலர்க் குற்றி ஒன்றையும் என் முன்னே வைத்தார். பிறகு தேநீர் ஆறிப்போகிறது, குடியும் என்றார்.

சட்டத்திலே அந்தக் கோடு இல்லை. தகட்டின் பெயரைத்தான் அதற்குத் தெரியும். ஓட்டியவன் யார், அறிந்தவன் யார் என்பது தெரியாது. அக்கடனின் பிடி இறுக்கமானது. லொறிச் சாரதி ஒருவர் 34,000 டொலருக்கு மேல் இதே பாதைக்குக் கடன்பட்டு வங்குரோத்து அடைந்த வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வங்குரோத்திலிருந்து விடுவிக்கப்பட்ட ஒருவரைப் பழைய கடனுக்காகப் பதிவை மறுத்து நெருக்க முடியாது என்று 2015 இல் தீர்ப்பாயிற்று. இலண்டனில் உள்ள உறவினர்களுக்கு வேறு விதமான தொல்லை. அங்கே இலக்கம் நம் நாட்டிற்போல வண்டியோடு போகும். டாட்ஃபோட் ஆற்றுக்கடவையிலே 2014 நவம்பரிலிருந்து கூண்டுகள் இல்லை. காசு கட்டாவிட்டால் தண்டக் கடுதாசி பதிவிலே உள்ளவரின் வீட்டுக்கே வரும். ஆகவே விற்றவர் அன்றைக்கே பதிவகத்துக்கு அறிவித்துவிடவேண்டும்.

மாஸ்டர் இப்பொழுது இல்லை. அந்த வண்டியை நான் 2014 இல், புதிதாக வந்த ஒரு பையனுக்கு விற்றேன். அவனும் ரயரை உதைத்துப் பார்த்தான். காசை எண்ணித் தந்துவிட்டு, “அண்ணை, ஒரு கிழமைக்குத் தகடு கிடக்கட்டுமே, பிறகு கொண்டுவந்து தாறன்” என்று கேட்டான். முகத்தைப் பார்த்தால் மறுக்க மனம் வராது. திருகாணிகள் உப்பு நீர் பட்டுத் துருவேறி அசைய மறுத்தன. எண்ணெய் விட்டு, அரை மணி நேரம் தெருவோரத்துப் பனியில் முழந்தாளிட்டிருந்து, நான்கையும் கழற்றினேன். பிறகு பையனை என் மனைவியின் வண்டியில் ஏற்றி, அவனுக்கொரு தகடு எடுப்பதற்குக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழி நெடுகிலும் அவன் என்னோடு பேசவில்லை.