பரணில் கிடந்த நான்கு சக்கரங்கள்

பரணிலிருந்து இறக்கிப் பார்த்தபோது, நான்கையும் தனித்தனியே பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்தான் தம்பி. 15 அங்குல அலாய் சக்கரங்கள். அகலம் 7 அங்குலம். ஒவ்வொன்றின் உட்புறத்திலும் 35 என்றோர் எண் வார்க்கப்பட்டிருந்தது. அந்த எண்ணை நான் பொருட்படுத்தவில்லை. ஓரசை மிகுந்தாலும் தளை தட்டும் என்று பதினெட்டு ஆண்டுகளாக மாணவர்களைக் கடிந்துகொள்பவன், கண்முன் நின்ற எண்ணைப் படிக்காமல் விட்டேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது.

கார் அவனுடையது. 2011இல் வாங்கிய ஸ்விஃப்ட். ஸ்பிரிங்குகளை மாற்றி 40 மி.மீ. தாழ்த்தியிருந்தான். கோவையில் கார்ப் பந்தயம் என்பது ஒரு குடும்ப நோய்போலப் பரவியிருக்கும் ஒன்று. கரிவரதன் 1995இல் விமான விபத்தில் மறைந்த பின், அவர் பெயரில் செட்டிபாளையத்தில் 2003இல் பந்தயத் தளம் திறக்கப்பட்டது. நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடினார். தம்பி அப்போது கல்லூரி மாணவன்; அவனுக்கு அந்தக் காய்ச்சல் வராதிருந்தால்தான் வியப்பு.

2018இல் வீட்டுப் பாகப்பிரிவினையில் எங்களுக்குள் வார்த்தை தடித்தது. யார் சொன்னது அதிகம் என்று இப்போது அளந்து பயனில்லை. அவன் மஸ்கட் போய்விட்டான். அம்மாவுக்கு வேண்டுமென்று காரை விட்டுச்சென்றான். நான் அதில் நாள்தோறும் போக 22 கிலோமீட்டர், வர 22 கிலோமீட்டர் என்று கல்லூரிக்குப் போய்வரலானேன். தொடக்கத்தில் கூச்சம்தான். தமிழ்த்துறை விரிவுரையாளர் தரையோடு தவழும் காரிலிருந்து இறங்குவதைப் பார்த்து மாணவர்கள் சிரித்தார்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் அடித்தகடு உரசும் ஓசை கேட்கும். அதற்குப் பயந்து வழியிலிருந்த வேகத்தடைகள் அனைத்தையும் மனப்பாடம் செய்தேன்.

2022இல் முன் டயர்கள் இரண்டும் உள்விளிம்பில் மட்டும் நார் தெரியுமளவு தேய்ந்திருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் புதிதுபோலவே இருக்கும். தாழ்த்திய காரில் முன்சக்கரங்களின் தலை சற்றே உட்பக்கம் சாயும். தாழ்த்திய பிறகு அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் தேய்மானம் உள்ளேதான் விழும். புது டயர் வாங்கத்தான் வேண்டும். அப்போது அம்மா பரணைக் காட்டினார். "அவன் ஆசையா வாங்கி வெச்சது கண்ணு. சும்மாதான கெடக்குது."

டயர் கடைக்காரர் கையிலிருந்த 205/60 ஆர் 15 டயர்களை மாட்டித் தந்தார். கார் ஒரே நாளில் தோள் விரிந்த பிள்ளையாகிவிட்டது. பார்க்க நன்றாகவே இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்த ஞாயிறு அம்மாவையும் இரண்டு பெரியம்மாக்களையும் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு பேரூருக்குப் புறப்பட்டேன். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னாலிருந்து கரகரவென்று ஓசை. "யாரோ தகரத்த அராவற மாதிரி கேக்குது சாமி" என்றார் அம்மா. தனியாக ஓட்டியபோது அது கேட்கவே இல்லை. கோயில் வாசலில் இறங்கிக் குனிந்து பார்த்தேன். இரு பின்டயர்களின் பக்கச்சுவரிலும் கத்தியால் கீறியதுபோல வட்டமாக ஒரு வெட்டு; விரலை வைத்தால் நூலிழை தட்டுப்பட்டது. மூன்று கிழவிகளை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் வேகமெடுத்திருந்தால் என்ற எண்ணம் வந்ததும் கை நடுங்கியது. அவர்களை வாடகைக் காரில் அனுப்பிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

யாரிடம் கேட்பது? அந்தச் சக்கரங்களைப் பற்றித் தெரிந்தவன் ஒருவன்தான். நான்கு ஆண்டுகளாக அம்மாவின் கைப்பேசி வழியாக மட்டுமே அவன் குரல் எனக்குக் கேட்டிருந்தது.

எடுத்தான். நலம் விசாரிப்பதற்குள் செய்தியைச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "ஆஃப்செட் பாத்தீங்களாண்ணா?" என்றான்.

பாடம் அங்கே தொடங்கியது. சக்கரத்தின் அகலத்துக்கு நட்டநடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். ஹப்பில் போய் ஒட்டும் முகம் அக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறதோ அதுவே அந்த எண். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும். பழைய சக்கரம் ஐந்தரை அங்குலம், எண் 45. புதியதில் கூடிய ஒன்றரை அங்குலத்தில் பாதி 19 மி.மீ.; எண்ணில் குறைந்தது 10. ஆக வெளிவிளிம்பு 29 மி.மீ. வெளியே வந்திருக்கிறது, உள்விளிம்பு 9 மி.மீ. உள்ளே போயிருக்கிறது. டயரின் குறுக்களவும் 185/70 ஆர் 14க்கு 615 மி.மீ.; நான் மாட்டியதற்கு 627. வெளியே வந்தது போதாதென்று உயரவும் செய்திருந்தது. முன்சக்கரம் உட்சாய்வதால் தப்பித்துக்கொள்ளும். பின்னால் இரண்டு சக்கரங்களையும் ஒரே முறுக்குத்தண்டு பிணைத்திருப்பதால் அந்தச் சாய்வு கிடையாது. பாரம் ஏறினால் மட்கார்டின் மடித்த தகர விளிம்பு நேரே டயரில் இறங்கும்.

தமிழாசிரியன் வண்டியைப் பற்றி எழுதினால் மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சில்தான் வந்து முடிப்பான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கு நினைவுக்கு வந்தது வேறு. புறநானூற்றில் ஔவையாரின் பாடல் ஒன்றில், உப்பு வண்டி ஓட்டும் உமணர் மேடுபள்ளத்தை அஞ்சி வண்டிக்கு அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள். அதை வகுப்பில் 'அந்தக் காலத்து ஸ்டெப்னி' என்று சொல்லிக் கைதட்டல் வாங்குவது என் வழக்கம். (ஸ்டெப்னி என்பதே வேல்சில் லானெல்லி என்ற ஊரின் தெருப் பெயர்; 1904இல் அங்கே தொடங்கிய மாற்றுச் சக்கர வணிகத்தால் நம்மூர் வரை வந்துவிட்டது.) அன்று என் டிக்கியில் கிடந்த ஸ்டெப்னி பழைய 14 அங்குலம். இருந்ததோ ஒன்று, வெட்டுப்பட்டதோ இரண்டு.

தம்பி சொன்னபடியே செய்தேன். பின் மட்கார்டுகளின் விளிம்பைச் சூடுகாட்டி, பெயின்ட் வெடிக்காமல் மேல்நோக்கி மடித்தார்கள். 195/55 ஆர் 15 டயர்கள் வந்தன. குறுக்களவு 595, பழையதைவிட 3 விழுக்காடு குறைவு. இதனால் நான் 44 கிலோமீட்டர் ஓட்டினால் மீட்டர் 45க்கு மேல் காட்டுகிறது. பக்கச்சுவர் ஒல்லியாகிவிட்டதால் குழியில் விழுந்தால் சக்கரமே வளையலாம். வளைவுகளில் கார் உறுதியாக நிற்கிறது, உண்மைதான். ஆனால் கல்லூரிக்குப் போகும் வழியில் அப்படி என்ன வளைவு இருக்கிறது? டயர்களின் காசும் போயிற்று.

இன்னொன்றையும் அவனிடம் சொன்னேன். தயாரிப்பாளர் கொடுத்த வடிவிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைக் காட்டி உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர்கள் கைவிரிக்கக்கூடும். அம்மாவுக்கும் முழங்கால் வலி. அந்தத் தாழ்ந்த இருக்கையிலிருந்து என் தோளைப் பற்றித்தான் எழுகிறார். "பழைய ஸ்பிரிங்க மாட்டி ஏத்திரட்டுமாப்பா?" என்று கேட்டேன். அவன் காரை அவனைக் கேட்காமல் தொட்டுப் பட்டது போதும் என்றிருந்தது.

"ஸ்பிரிங்கு நாலும் பரண்லயே அந்த மூலைல இருக்குதுங்ணா" என்றான். பிறகு, "நான் வந்து மாட்டிக்கறேன். அதுவரைக்கும் வேகத்தடைல நேரா ஏத்தாதீங்க, சாய்ச்சு ஏத்துங்க."

எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலை பரணில் ஏறிப் பார்த்தேன். ஸ்பிரிங்குகளையும் வேட்டித் துணியில்தான் சுற்றி வைத்திருந்தான்.